இடது கையில் உளி பிடித்த சிலை

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் எழுத உட்கார்ந்தாலும் ‘இங்கு யாவரும் நலம்’ என்பதற்கு மேல் கை ஓடாது. படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவது கூச்சமாகத்தான் இருக்கிறது. பிழைகளை என் மகன் திருத்தியிருக்கிறான். அவன் கண்ணுக்குத் தப்பியவை என்னுடையவை.

போன மாதம் அவன்தான் என்னை மலாக்கா டவுனில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். புல்தரையில் அங்கங்கே சிலைகள் வைத்திருந்தார்கள். வலை வீசுகிறவர் ஒருவர், குடை பிடித்த பெண் ஒருத்தி, இன்னதென்று சொல்ல முடியாத பெரிய உருண்டை ஒன்று. ஒவ்வொன்றின் காலடியிலும் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை. மகன் சிலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். நான் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

“என்னம்மா, காசு போட்டு பஸ் ஏறி வந்து போர்டையா பாக்குறீங்க?” என்றான்.

 சின்ன வயதில் ஒரு சிலையைத் தொட்டு நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டவள் என்னைத் தவிர ஒருத்திதான். அவளும் இப்போது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பெம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர் விலை விழுந்து, வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, அப்பாவின் தங்கை என்று ஐந்து பேர் இருந்தோம். அத்தை ஊரில் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனை இழந்து, இரண்டு வருஷம் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு அப்பாவிடம் வந்து சேர்ந்தவள். வயது இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கலாம். அந்த வீடு எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவை கேட்டேன். “அங்க எனக்கு ஒரு மூலை இருந்துச்சு” என்றாள். மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அத்தை இடது கைக்காரி. பால் மரம் வெட்டும் உளியையும் இடது கையில்தான் பிடிப்பாள். மற்றவர்கள் மரத்தை ஒரு பக்கமாகச் சுற்றிவந்தால் அவள் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருவாள். தோட்டம் முழுக்க அப்படி வெட்டுகிறவள் அவள் ஒருத்திதான். பெண்கள் அவளை ‘நொட்டாங்கை’ என்று கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. நெற்றியில் திருநீறு மட்டும் இருக்கும். சிலர் வெற்றிலை போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள் என்பதுபோல, சிலர் பொட்டு வைப்பார்கள், சிலர் வைக்கமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரைமார் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் துரைக்கு ஓர் ஆசை பிறந்தது. ஆபீசுக்கு முன்னால் பெரட்டுத் திடல் இருந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது அங்கேதான். அதன் ஓரத்தில் வட்டமாகப் புல் வளர்த்து, நடுவில் பால் மரம் வெட்டும் பெண்ணின் சிலை ஒன்றை நிறுத்த வேண்டும் என்றார். அவர் சீமையில் பூங்காக்களில் அப்படித்தான் வைப்பார்களாம்.

சிலை செய்ய ஆள் இருந்தது. தோட்டத்து எல்லையில் எங்கள் முனியாண்டியைச் சிமெண்டில் கட்டியவர் ஒரு கொத்தனார். கோலா சுங்கை பாருவில் யாரோ சீன முதலாளிக்கு, தவுக்கேக்கு, வீடு கட்ட வந்து, வேலை முடிந்ததும் எங்கள் தோட்டத்துக்கு வந்து தங்கிவிட்டவர். கட்டைப் பிரம்மச்சாரி. பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் கொத்தனார் மாமா. அவர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பால் நிறுக்கிற ஸ்தோருக்குப் பின்னால் சாக்குகளைக் கட்டி மறைத்துக்கொண்டு பதினைந்து நாள் வேலை செய்தார். நாங்கள் பிள்ளைகள் சாக்கு ஓட்டை வழியாகப் பார்ப்போம். முதலில் கம்பிதான் இருந்தது. பிறகு கால், பிறகு சேலை மடிப்பு. முகம் வந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கன்னமும் மூக்கும் அப்படியே முனியாண்டி. அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் போல.

சிலையை எடுத்து நிறுத்திய அன்று பெண்கள் எல்லோரும் வேலை முடிந்து வாளியோடு வந்து பார்த்தார்கள்.

“ஏய், நம்ம முனியாண்டிக்குத் தங்கச்சி பொறந்திருக்குடி!”

“மீசைய மட்டும் செரச்சு விட்டுட்டாரு லா.”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அப்புறம் யாரோ ஒருத்தி, “கையப் பாருங்கடி” என்றாள்.

உளி இடது கையில் இருந்தது.

 எல்லோரும் திரும்பி என் அத்தையைப் பார்த்தார்கள். அவள் வரிசையில் கடைசியாக நின்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்தோருக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர் அவர். தோட்டத்தில் எந்த வழக்கையும் தீர்க்கிறவரும் அவரே. “அவன்கிட்ட கேட்டேன். ‘கை அப்படி வந்துருச்சுங்க’ங்கிறான். உன் தங்கச்சி ஒரு நாளும் அவன் முன்னால போய் நின்னதில்ல, அதுக்கு நான் சாட்சி. நெத்தியையாவது சும்மா விட்டான், அந்த மட்டும் புத்தி இருக்கு. நீ மனசுல வச்சுக்காத” என்றார்.

அப்பா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அத்தையிடம், இனிமேல் ஆபீஸ் பக்கம் போகாமல் மாட்டுக் கொட்டகை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். அத்தை அப்படியே போனாள். பால் நிறுக்கும்போது மட்டும் வேறு வழி கிடையாது. வரிசையில் நிற்கும் நேரம் அவள் சிலைப் பக்கம் பார்க்கமாட்டாள். வாளியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரே ஒரு தடவை பார்ப்பாள். நான் கவனித்திருக்கிறேன்.

அடுத்த வழக்கு கண்ணைப் பற்றியது. சிலைக்குக் கண் இன்னும் வைக்கவில்லை. முனியாண்டிக்குக் கண் திறந்தபோது சுற்றிலும் துணி கட்டி, கொத்தனார் மட்டும் உள்ளே போய், கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு திறந்தார். வெளியே வந்ததும் சேவல் அறுத்தார்கள். இந்தச் சிலைக்கும் கண் வைக்கப் போகிறார் என்றதும் பூசாரி ஓடி வந்துவிட்டார்.

“கண்ணத் தொறந்தா அது பாக்கும். பாத்தா பசிக்கும். பசிச்சா நம்மளத்தான் கேக்கும். துரையா சோறு போடுவாரு?”

விஷயம் ஆபீஸ் வரைக்கும் போயிற்று. ஆபீசில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணியார் துரையிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு.

“கண் இல்லாட்டிலும் பரவாயில்லையாம். அவையின்ர ஊர்ச் சிலையளுக்கும் கண்மணி இல்லையாம். இப்பிடித்தான் வடிவாம் எண்டு சொல்லுறார். போங்கோ, போங்கோ.”

ஆகவே சிலை கண் இல்லாமல் நின்றது. அவித்து உரித்த முட்டை இரண்டைப் பதித்ததுபோல் இருக்கும். பெரியவர்களுக்கு நிம்மதி. பள்ளிக்கூடத்தில் எனக்குத்தான் தொல்லை. பயல்கள் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை நீட்டித் தடவியபடி என் பின்னால் வருவார்கள். “உங்க அத்த குருடி! உங்க அத்த குருடி!” ஒருவனைக் கடித்து வைத்து வாத்தியாரிடம் அடி வாங்கினேன். மறுநாளும் அதே பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிராணியார் ஜாசின் டவுன் கோயிலுக்குப் போயிருந்தார். லயத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். அடுப்புக் கரியை எடுத்துக் கல்லில் வைத்துப் பொடி செய்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, சிரட்டையில் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்தோர் ஓரத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். சிலையின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. சிமெண்டு வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. உயிர் இருப்பதுபோல் இருந்ததால் கொஞ்சம் பயந்தேன். பூசாரி சொன்னது ஞாபகம் வந்தது. “அத்தை, உனக்குப் பசிச்சா என்கிட்ட கேளு, வேற யாரையும் கேட்காதே” என்று சிலையிடம் சொல்லிவிட்டு, இரண்டு கண்ணையும் வைத்தேன். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. இருந்தாலும் கண்.

இறங்கிப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எந்தப் பெண்ணை வரைந்தாலும் முதலில் பொட்டைத்தான் வைப்போம். இதற்கு நெற்றி மொட்டையாக இருந்தது. ஸ்தோர் வாசலில், வாளிகளுக்கு நம்பர் எழுதும் சிவப்புச் சாயம் ஒரு டப்பாவில் இருந்தது. அம்மா வைப்பதுபோல மோதிர விரலால் தொட்டு, ஏறி, வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். அது மட்டும் மிக அழகாக வந்தது.

விரலில் ஒட்டிய சாயம் போகவில்லை. மணலில் தேய்த்தேன், சாம்பலில் தேய்த்தேன். தோல் எரிந்ததுதான் மிச்சம். இரவு அம்மாவிடம் சோறு ஊட்டிவிடச் சொன்னேன். “எட்டு வயசுக் கழுதைக்கு ஊட்டணுமா?” என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள். அதற்கு முன்பே, பொழுது சாயும் நேரத்தில், பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது.

விடியற்காலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போனேன். அம்மா வேலைக்குப் போனால் அவனை அங்கேதான் விடுவோம். வழியில் பெரட்டுத் திடல். ஆட்கள் வரிசையில் நிற்காமல் சிலையைச் சுற்றி நின்றார்கள்.  கண்ணைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். மழையில் கரி முழுக்க ஓடிவிட்டிருந்தது. பழையபடி முட்டைக் கண். எனக்கு உயிர் வந்தது. பொட்டு மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. பொட்டுதானே!

“அடிப் பாவி, வச்சே விட்டானா!” என்றாள் ஒருத்தி.

“இதுக்கு மேல என்னடி வேணும்? தாலிதான் பாக்கி” என்றாள் இன்னொருத்தி.

கூட்டத்தில் நின்ற அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.  கண் போய்விட்ட பிறகும் ஏன் இவ்வளவு சத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று வேலை முடிந்ததும் கோயில் மரத்தடியில் கூட்டம் கூடியது. தண்டல் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் பூசாரி. அப்பா நின்றுகொண்டிருந்தார். கொத்தனார் மாமா எதிரே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால், வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்ப்பா, துரை பொம்பள சிலை கேட்டா, தோட்டத்துல பொம்பளைக்கா பஞ்சம்? போனாப் போவுதுன்னு விட்டேன். கை அப்படி வந்துருச்சுன்னு சொன்ன. பொட்டும் கைல வந்துருச்சா?” என்றார் தண்டல்.

மாமா இடுப்புத் துண்டின் முடிச்சை இறுக்கினார்.

“வாயத் தொற. நீ வைக்கலன்னா வைக்கலன்னு சொல்லு.”

அதற்கும் அவர் பேசவில்லை. வைக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். சொன்னால் அடுத்த கேள்வி வேறு யார் என்பது. அது யார் பக்கம் போகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

அப்பாதான் பேசினார்.  “நாளைக்கு நான் இந்தத் திடல்ல எப்படிண்ணே தல நிமிந்து நிப்பேன்? இவன் இன்னிக்கே தோட்டத்த விட்டுப் போவணும். தங்கச்சிய நான் அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுர்றேன். அவ மாமியா வீட்டுலயே போயி இருக்கட்டும். துரையும் ஆளக் கொறைக்கத்தானே சொல்றாரு, டிக்கட் குடுப்பாரு.”

அத்தை அந்த நேரம்தான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். ‘கப்பல்’ என்ற சொல் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். குடத்தை இறக்கி வைத்தாள். அவள் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. அந்த மூலைக்குத் திரும்பப் போகிறாள் என்பது எனக்கும் தெரிந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். மறைத்து வைத்திருந்த கை வெளியே வந்துவிட்டது.

அத்தை குனிந்து என் விரலைப் பார்த்தாள். சிவந்த மோதிர விரல். வெகுநேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவிட்டு, நேரே ஆண்கள் நின்ற இடத்துக்குப் போனாள். அவள் அங்கே போய் நான் பார்த்ததே இல்லை.

“அவர ஏன் கேக்குறீங்க? பொட்டு வச்சது நான்” என்றாள்.

மரத்தில் காக்கை கத்தியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. 

“என்னாடி சொன்ன?” என்றார் அப்பா.

“எனக்குத்தான் வச்சுக்க முடியாது. அதுக்காவது இருக்கட்டும்னு வச்சேன்.”

கொத்தனார் மாமா தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்த்தினார்.

“அப்ப அதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்றார் தண்டல். அவர் குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

“கேக்க வேண்டியவங்க கேட்டா சொல்றேன்.”

“கேக்குறேன்” என்றார் மாமா.

அவ்வளவுதான் அவர் பேசியது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். தண்டல் எழுந்து குறுக்கே நின்றார். “அடிச்சு என்னாப்பா ஆவப் போவுது, கப்பலுக்கு அனுப்பறதுக்குப் பதிலா பஸ்ஸுக்கு அனுப்பு” என்றார். யாரோ சிரித்தார்கள். அம்மா அழுதாள். அப்பா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் மூடிய கையைத் திறக்காமல் நின்றேன். எனக்கு அத்தை மேல் பொங்கிப் பொங்கி அன்பு வந்தது. நான் அடி வாங்கக் கூடாது என்பதற்காக இத்தனை பேர் முன்னால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே! வீட்டில் நான் ஒளித்து வைத்திருந்த இரண்டு தேங்காய் மிட்டாயையும் அவளுக்கே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். இரவு கொடுக்கப் போனபோது அவள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை என் வாயில் போட்டாள். “நீ யார்கிட்டயும் சொல்லிடாத” என்றாள். “நீயும் சொல்லிடாத அத்தை” என்றேன். அவள் சிரித்தாள். அவள் என்னைக் காப்பாற்றியதாகவும், அதற்காகவே வீட்டைவிட்டுப் போக நேர்ந்ததாகவும் நம்பிக்கொண்டு, நான் பல வருஷம் குற்ற உணர்ச்சியோடு இருந்தேன்.

அத்தையும் மாமாவும் கல்யாணம் செய்துகொண்டு மஸ்ஜித் தானாவில் குடியிருந்தார்கள். எனக்குக் கல்யாணமான பிறகு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். மாமாவுக்கு அந்தக் கதையைச் சொல்வதில் அலுப்பே கிடையாது. “நான் வாயில்லாப் பூச்சி. உங்க அத்ததான் மொதல்ல கேட்டா. அதும் எப்படி? என் சிலை நெத்தியிலயே எழுதிக் கேட்டா!” என்று சிரிப்பார். அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கமாட்டாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருக்கும். நானும் முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன். மாமா அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அத்தை அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் இருந்தாள்.

அன்று மரத்தடியில் அவள் என் விரலை அவ்வளவு நேரம் பார்த்தது எனக்காக இல்லை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் பெரட்டில் அத்தையின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பதில் வராததால் கிராணியார் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். துரை சொன்னார் என்று ஒரு ஆள் வந்து சிலைக்கு வெள்ளையடித்தான். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார்கள். எனக்கு வரவில்லை.